மூக்கு வண்டியின் கடைசி ஆண்டுகள்

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் ஏழெட்டு மைல் வந்தால், பாறைகளை யாரோ அடுக்கிவைத்தாற் போன்ற குன்று ஒன்று தென்படும். அதன் அடிவாரத்தில் உள்ளது ஊர். குன்றின்மேல் சிவன் கோயிலும் இடிந்த கோட்டையும் உண்டு. 1760ஆம் ஆண்டில் கூட் என்னும் ஆங்கிலத் தளபதி அக்கோட்டையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினான். ஆங்கிலேயர் ஏடுகளில் அது 'பெர்மாகோயில்' என்று உருமாறிக் கிடக்கிறது. ஆகவே எங்கள் மலைக்கு வரலாற்று நூல்களில் இடமுண்டு. ஆனால், அம்மலையடியில் நாள்தோறும் வந்து நின்று, ஊராரை ஏற்றிச் சென்று மீண்டும் கொணர்ந்து இறக்கிய பஸ்ஸுக்கு எந்த நூலிலும் இடமில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கோட்டைகள் விழுந்த கதையைச் சொல்லிக் கொடுத்தவன் நான். ஓய்வு பெற்ற பின்பு இந்தக் குறை உறுத்துகிறது. இன்று அந்தப் பஸ்ஸைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

நான் சிறுவனாயிருந்தபோது, 1966, 1967ஆம் ஆண்டுகளில், எங்கள் சாலையில் ஓடியது ஒரு பார்கோ வண்டி. இன்றைய பஸ்களுக்கு முகம் தட்டையாக இருக்கும். டிரைவருக்குப் பக்கத்திலேயே எஞ்சின் இருக்கும். பார்கோவுக்கு அப்படியன்று. எஞ்சின் முன்னால் நீண்ட பெட்டிக்குள் இருக்கும்; அதற்குப் பின்னால்தான் டிரைவர் அமர்வார். இந்த நீட்சியைக் கண்டுதான் எங்கள் ஊரார் அதை 'மூக்கு வண்டி' என்றார்கள். உடல் மரச்சட்டத்தால் ஆனது. மேலே தகடு வேய்ந்திருக்கும். சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் சுருட்டிவைத்த கித்தான் திரையைக் கண்டக்டர் அவிழ்த்து விடுவார், உள்ளே இருட்டிவிடும். கூரைக்கு ஏறப் பின்புறத்தில் ஏணி. டிரைவரின் வலக்கைக்கு எட்டுமாறு ரப்பர் பந்து வைத்த ஊதுகுழல். அவ்வொலி பிரம்மதேசத்துப் பக்கம் திரும்பும்போதே எங்களுக்குக் கேட்கும் என்று அந்நாளில் பிள்ளைகள் சாதித்தோம். காற்று கீழ்க்காற்றாய் இருந்தால் கேட்டிருக்கலாம்.

அவ்வண்டி எங்கிருந்து வந்தது என்பதில் கொஞ்சம் நாட்டு வரலாறு அடங்கியிருக்கிறது. விடுதலைக்கு முன்பு நம் நாட்டில் ஓடிய பஸ்களில் பெரும்பான்மை அமெரிக்க வண்டிகளும் ஆங்கில வண்டிகளுமே. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு தொழிற்சாலை தொடங்கிற்று. போர்டு நிறுவனமும் அந்நகரில் வேலை செய்தது. இவர்கள் உறுப்புகளைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றார்களேயன்றி, இங்கே உருக்கி வார்த்துச் செய்தார்களில்லை. 1953ஆம் ஆண்டில், படிப்படியாக உறுப்புகளை இந்நாட்டிலேயே செய்ய முன்வருவோர்க்கே இனி இடம் என்று இந்திய அரசு முடிவு செய்தது. மறு ஆண்டே அவ்விரு நிறுவனங்களும் கடையைக் கட்டின. அவர்கள் விற்ற வண்டிகள் தாயற்ற பிள்ளைகளாயின. உதிரி உறுப்புக்கு வழியில்லை.

தங்கியவர்களுள் ஒருவர் வால்சந்த் ஹீராசந்த் 1944இல் தொடங்கிய பிரீமியர் நிறுவனத்தார். அமெரிக்கக் கிரைஸ்லர் கம்பெனியின் உரிமம் பெற்றுப் பம்பாய்க் குர்லாவில் வண்டி செய்தார்கள். ஒரே லாரியை டாட்ஜ் என்றும், பார்கோ என்றும், டிசோட்டோ என்றும் மூன்று பெயர் பொறித்து விற்பது அவர்கள் வழக்கம். மூக்கின் நுனியில் பொறித்த எழுத்தைத் தவிர வேறு வேற்றுமை காண்பது அரிது. பிற்காலத்தில் இலக்கண வகுப்பில் ஒருபொருட் பன்மொழிக்கு எடுத்துக்காட்டுச் சொல்ல நேர்ந்தபோதெல்லாம் எனக்கு இம்மூன்று பெயர்களே முதலில் நினைவுக்கு வந்தன.

இவ்வண்டிகளுக்குப் பொருத்தப்பட்ட டீசல் எஞ்சின் பர்கின்ஸ். இங்கிலாந்தில் பீட்டர்பரோ நகரத்தில் 1937ஆம் ஆண்டு முதன்முதல் வெளிவந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் அது. பின்னாளில் சென்னைச் செம்பியத்தில் சிம்சன் நிறுவனத்தார் அதைச் செய்யலாயினர். பெட்ரோல் வண்டிகளை வைத்திருந்தவர்கள்கூட அதைக் கழற்றிவிட்டு இதைப் பூட்டிக்கொண்டார்கள். டீசல் விலை குறைவு, ஒரு காலனுக்கு ஓடும் தொலைவும் அதிகம்.

மூக்கு வண்டி தோற்றது எஞ்சினால் அன்று. கணக்கால்தான் தோற்றது. ஒரு பஸ்ஸுக்கு ஒரு பர்மிட்டு என்பது 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் வகுத்த முறை. பர்மிட்டு எளிதில் கிடைக்காத பொருள். அதை வைத்திருப்பவன் ஒவ்வொரு நடையிலும் எத்தனை பேரை அமர்த்தலாம் என்றுதான் பார்ப்பான். மூக்கு நான்கைந்து அடி நீளத்தைத் தின்றுவிடுகிறது. தட்டை முக வண்டியில் அந்த இடத்தில் ஒன்றிரண்டு வரிசை இருக்கை போடலாம். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955இல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய தொழிற்சாலையிலிருந்து புதிய வண்டிகள் வந்தன. ஜாம்ஷெட்பூரில் டாட்டாவினர் ஜெர்மானிய நிறுவனத்தோடு சேர்ந்து 1954 முதல் செய்த வண்டிகளும் வந்தன. புதியன வர வர, சென்னைக்கும் புதுச்சேரிக்கும் போகும் பெருஞ்சாலைகளிலிருந்து பார்கோக்கள் இறக்கப்பட்டன.

இறக்கப்பட்டவை எங்கே போயின? இங்கேதான் எங்கள் கதை தொடங்குகிறது. பெருஞ்சாலையில் கிழடான வண்டி கிளைச்சாலைக்கு வரும். அங்கும் தளர்ந்தால் கடற்கரைக் கிராமங்களுக்கு வரும். 1990களின் பிற்பகுதியில் கிழக்குக் கடற்கரைச் சாலை சீராகும்வரை, மரக்காணத்தார் சென்னைக்குப் போவதென்றால் திண்டிவனம் வந்துதான் போகவேண்டும். எங்கள் சாலை ஒரு முட்டுச்சந்து போலத்தான். ஆகவே ஒரு வண்டி தன் ஆயுளின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளை எங்களிடம் கழித்தது. பட்டணத்தார் பார்வையில் அது ஓய்வு பெறவேண்டிய கிழவண்டி. எங்களுக்கோ அதுதான் நாங்கள் கண்ட முதல் வண்டி.

மரக்காணத்து உப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். உப்பளத்தில் பாத்தி கட்டி வெயிலில் விளைவிக்கும் உப்பில் மக்னீசியம் குளோரைடு சிறிது கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும். பக்கிங்காம் கால்வாய் தென்கோடியில் மரக்காணம் வரை வருகிறது. ஒருகாலத்தில் உப்பும் சவுக்கு விறகும் படகிலேயே சென்னைக்குப் போயின. கால்வாய் தூர்ந்து, 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்களிலும் சிதைந்தபின், சுமை சாலைக்கு வந்தது. பெருஞ்சுமை லாரிக்குப் போயிற்று. சிறு வியாபாரிகளின் மூட்டைகள் எங்கள் பஸ்ஸின் கூரைக்கு ஏறின. மூட்டையிலிருந்து கசிந்த உப்புநீர் பக்கத் தகட்டின் வழியே வடிந்து, ஆணி ஆணியாக, திருகு திருகாகத் தின்றது. மரச்சட்டம் தாங்கிற்று, அதைப் பிணைத்த இரும்பு தாங்கவில்லை. ஓடும்போது வண்டியின் உடல் ஒரு பக்கமும் அடிச்சட்டம் ஒரு பக்கமும் அசைவதைக் கடைசி இருக்கையில் இருந்தால் உணரலாம்.

ஆண்டுக்கொருமுறை வண்டி எப்.சி.க்குப் போகும். எங்கள் பக்கத்தில் மோட்டார் வாகன ஆய்வாளரைப் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்பார்கள். அவர் பார்வைக்குப் போகுமுன் பஸ்ஸுக்குப் புதுப் பெயிண்டு அடிப்பார்கள். வந்த பத்து நாளைக்கு வண்டி மாப்பிள்ளை போல இருக்கும். அப்புறம் பெயிண்டுக்கு அடியிலிருந்து துரு கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

டிரைவரின் உழைப்பைச் சொல்லாமல் விட்டால் நன்றி மறந்தவனாவேன். அந்தக் கியர்ப் பெட்டியில் பற்சக்கரங்கள் தாமாக இணங்கிச் சேரா. ஒருமுறை கிளட்சை மிதித்துக் கியரை நடுவில் விட்டு, எஞ்சினின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ, மறுமுறை மிதித்து அடுத்த கியருக்குத் தள்ளவேண்டும். கணம் தவறினால் சக்கரங்கள் கடகடவென்று பல்லைக் கடித்துக்கொள்ளும். எங்கள் டிரைவர் அதைக் காதால்தான் ஓட்டினார். பாட்டரி தளர்ந்திருந்தமையால் வண்டியைச் சரிவான இடம் பார்த்துத்தான் நிறுத்துவார். எங்கள் ஊரில் ஏரிக்கரையை ஒட்டிய சரிவு. சில காலைகளில் அதுவும் போதாது. அப்போது அவர் தலையை வெளியே நீட்டி, "தம்பிகளா, ஒரு கை கொடுங்கப்பா" என்பார். ஆண்கள் இறங்கித் தள்ளுவோம். எஞ்சின் கறும்புகை கக்கி உயிர் பெறும்போது ஊரே வென்றாற்போல ஓர் ஆரவாரம் எழும்.

இத்தகைய நினைவுகளைச் சொல்லும்போது கேட்பவர் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். மால்ட்டாத் தீவில் இத்தகைய பழைய பஸ்கள், மூக்கு நீண்டவை உட்பட, 2011 சூலை வரை ஓடின. அவற்றைப் படமெடுக்கவென்றே பல நாட்டார் அங்கே போனார்கள். பழைய வண்டிக்கு ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அந்த அழகைக் காண்பவன் இறங்கித் தள்ளியவனா, இருட்டில் காத்திருந்தவனா என்று கேட்டுக்கொள்ளவேண்டும். தள்ளிய பையன்களுள் நானும் ஒருவன். காத்திருந்தவர் என் தமக்கையார்.

சங்க நூல்களில் உப்பு விற்கும் உமணர் எருது பூட்டிய வண்டிகளோடு வருகிறார்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலர் கருத்து. ஆகையால் உமணர்களை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு பெருமை. ஔவையார் புறநானூற்றில், ஏற்றமும் இறக்கமும் நேரும் என்று அஞ்சி உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சொன்றைக் கட்டிச் செல்வதைக் காட்டுகிறார். எங்கள் பார்கோவிலும் பின் இருக்கைக்கு அடியில் சாக்கில் சுற்றிய ஓர் அச்சுத்தண்டு கிடந்தது. நான் அதன்மேல் கால் வைத்து அமர்ந்திருக்கிறேன். 1969 அளவில் அது ஒருநாள் பயன்பட்டது. அதற்குப் பிறகு அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. ஒரு பஸ் எப்போது கிழடாகிறது என்று என்னைக் கேட்டால், அந்தச் சாக்கு காணாமற்போன நாளைத்தான் சொல்வேன்.

உரிமையாளரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பஸ் தொழிலை அரசு ஏற்கும் என்ற பேச்சு அந்நாளில் எங்கும் இருந்தது. 1971இல் சட்டம் வந்தது. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்கள் தோன்றின. அவை பெரும் உரிமையாளர்களின் வண்டிகளைத்தான் எடுத்துக்கொண்டன. ஆயினும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த சிறியவர்களும் அஞ்சினார்கள். நாளைக்குக் கையை விட்டுப் போகக்கூடிய வண்டிக்கு இன்றைக்கு அச்சு வாங்கிப் போட எவனுக்கு மனம் வரும்?

1970ஆம் ஆண்டு. என் தமக்கையார் திண்டிவனத்தில் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் தெருவிலிருந்து அவ்வளவு தூரம் படிக்கப் போன பெண்கள் அவரையும் சேர்த்து மூவர். காலையில் வண்டி தாமதமானால் பள்ளியில் ஒரு திட்டு, அதோடு போயிற்று. மாலையில் தாமதமானால் வீட்டில் நெருப்பு. ஐப்பசி மாதத்தில் மட்டும் நான்கு முறை வண்டி வழியில் நின்றது. நான்காம் முறை நின்றது மழையில். 'ஆக்சில் கட்' என்றார் கண்டக்டர். மாற்று அச்சு இல்லை. ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். மூன்று பெண்களும், உப்பளத்து வேலைக்குப் போய்வந்த நான்கைந்து தாய்மார்களும் கித்தான் திரைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் அவர்களை விட்டு அகலவில்லை என்பதைப் பிற்பாடு அறிந்தேன். சவுக்குக்கட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டி ஒன்றில் அவர்கள் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

ஒரு தீங்கும் நேரவில்லை. ஆனால் பாட்டி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். "போனது போதும்" என்றார். அவ்வளவுதான். தந்தையார் தலையைக் குனிந்துகொண்டார். தீபாவளிக்குப் பிறகு தமக்கையார் பள்ளிக்குப் போகவில்லை. மற்ற இருவரில் ஒருத்தியும் நின்றுவிட்டாள்.

மறு ஆண்டு நான் அதே வகுப்புக்கு அதே வண்டியில் போனேன். வண்டி நின்ற நாளில் நடந்து வந்தேன். நள்ளிரவு ஆனாலும் கேட்பார் இல்லை. தமக்கையாரின் புத்தகங்களே எனக்கு. வரலாற்றுப் புத்தகத்தில் பாதிவரைதான் பென்சில் குறிப்புகள் இருந்தன. முதல் பக்கத்தில் அவர் எழுதியிருந்த பெயரின்மேல் ஒரு தாளை ஒட்டி, என் பெயரை எழுதிக்கொண்டேன்.

பார்கோ 1974ஆம் ஆண்டுவரை ஓடிற்று. ஓடிற்று என்பதைவிட, ஓடிய நாளும் நின்ற நாளும் சரிபாதி என்பது பொருந்தும். பிறகு எப்.சி.க்குப் போனது திரும்பவில்லை. எஞ்சினை ஒரு நெல் அரைவைக்காரர் வாங்கினார் என்றார்கள். 1975இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் தோன்றிற்று. 1997இல் எல்லாக் கழகங்களுக்கும் ஒரே பெயராக மாற்றும்வரை அந்தப் பெயரே வழங்கிற்று. தட்டை முக லேலண்டு வண்டி ஒன்று எங்கள் சாலைக்கு வந்தபோது ஊரார் தேங்காய் உடைத்தார்கள். அதுவும் வேறெங்கோ சில ஆண்டுகள் ஓடித் தேய்ந்த வண்டிதான். கூர்ந்து பார்த்தவர்க்கு, அழித்து எழுதிய பழைய ஊர்ப்பெயர் பலகையில் தெரிந்தது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பல ஊர்களில் வேலை பார்த்து, தலைமையாசிரியனாக ஓர் உப்பளத்து ஊருக்கு வந்தேன். அங்கே வருகைப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. பஸ் கெட்டுப்போன மறுநாள் பையன்கள் வந்துவிடுவார்கள். பெண்கள் இரண்டு மூன்று நாள் வரமாட்டார்கள். ஒரே பருவத்தில் மூன்று முறை கெட்டால், அவர்களுள் ஒருத்தி பிறகு வருவதேயில்லை. எனக்கு அது புதுச்செய்தி அன்று.

பணிமனைக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். புது வண்டி வேண்டும் என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டோடு கட்டாகப் போயிருக்கும். 'இருக்கும் வண்டிகளுள் மிகப் பழையதை நண்பகல் நடைக்கு விடுக. மாலை ஐந்து மணி நடைக்கு மட்டும் நம்பத்தக்க வண்டியை அனுப்புக' என்று எழுதினேன். பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கையும் இணைத்தேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, அரைமணி நேரம் பேசிவிட்டு, ஒப்புக்கொண்டார். செலவில்லாத வேலை. அவர் மாற்றலாகிப் போகும்வரை, ஏறத்தாழ இரண்டு ஆண்டு, அவ்வாறே நடந்தது. அந்த இரண்டு ஆண்டில் பஸ்ஸைக் காரணம் காட்டி என் பள்ளியிலிருந்து எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. அடுத்தவர் வந்ததும் பழைய வழக்கம் திரும்பிற்று. நான் மீண்டும் எழுதினேன்.

பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவைப் புதுப்பிக்கலாகாது என்று மத்திய அரசு வகுத்த விதி 2023 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அது அரசு பஸ்களுக்கும் பொருந்தும். நல்ல விதிதான். ஆனாலும் ஆண்டை மட்டும் எண்ணிப் பயனில்லை. எந்த வண்டி எந்த நடைக்குப் போகிறது என்பதையும் யாராவது எண்ணவேண்டும்.

2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எழுபதைக் கடந்த என் தமக்கையார் இப்போது அடிக்கடி திண்டிவனம் போய் வருகிறார். சில நாள் கடைத்தெருவுக்கு, சில நாள் சும்மாவே. சென்ற மாதம் நானும் உடன் போனேன். நல்ல வெயில், காலை பத்து மணி, வண்டியும் புதியது. படியில் ஒரு காலை வைத்தவர், ஏறாமல் நின்று, கண்டக்டரிடம் கேட்டார்: "ஏம்ப்பா, சாயங்காலம் திரும்பற வண்டி எத்தனை மணிக்கு? கட்டாயம் வருமா?"

"வரும்மா, ஏறுங்க" என்றார் அந்த இளைஞர். அவர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் தமக்கையார் ஏறினார்.